வெட்டுத் துண்டுகளும் ஒரு வரலாறும்
யாழ்ப்பாண முஸ்லிம்களின் தையற்கலை குறித்துச் சில குறிப்புகள்

யாழ்ப்பாண முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சில பெரிய பெயர்களிலிருந்தே தொடங்குவர். யாழ்ப்பாணத்து அசனாலெப்பைப் புலவர் பாடிய பாடல்கள் பேசப்படும். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்று, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் என்ற பெருமையைப் பெற்ற ஏ.எம்.ஏ. அஸீஸ் பேசப்படுவார். அதன்பின் கட்டுரை நேராக 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துக்கு வந்துவிடும். இவை இரண்டுக்கும் நடுவே, அந்தச் சமூகம் நாள்தோறும் என்ன செய்து சோறு உண்டது என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடைக்கும்: வர்த்தகம், இரும்புக்கடை, நகைத் தொழில், இறைச்சிக்கடை, தையல்.

அந்த வரியின் கடைசிச் சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை. தையலிலும் குறிப்பாகக் கடைக்கு முன்னால் தெரியாத பகுதியைப் பற்றி, அதாவது கைத்தையலையும், வெட்டி எஞ்சிய துண்டுத் துணிகளையும், அவற்றில் வேலை செய்த பெண்களையும் பற்றிச் சில செய்திகளைத் தொகுத்துச் சொல்ல விரும்புகிறேன். யாழ்ப்பாண முஸ்லிம்களின் தொழில் வரலாற்றில் பாதி இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்படாத அந்தப் பாதி வீட்டுக்குள்ளே இருந்தது என்பதே என் கருத்து.

சொற்கள் தரும் சான்று

தமிழுக்குத் தையல் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில், புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளர் பட்டியலில் துன்னகாரர் இடம்பெறுகின்றனர். துன்னம் என்றால் தையல். அவர்களை அடுத்து, துணியையும் நெட்டியையும் கொண்டு பலவகைப் பொருள்கள் செய்தோரும் அங்கே சொல்லப்படுகின்றனர். உடுப்பு வேறு, துணியாற் செய்யும் கைப்பொருள் வேறு. இரண்டும் தனித்தனித் தொழில்களாக அன்றே அறியப்பட்டிருந்தன என்பது இதனாற் புலனாகும்.

தையற்காரரின் பேச்சுச் சொற்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் யாழ்ப்பாணக் கரைக்கு வந்துபோனவர்களின் வரிசை தெரியும். களிசான், றேந்தை, பொத்தான் ஆகியவை போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். விரலில் மாட்டும் அங்குஸ்தான் பாரசீகச் சொல். ஜேப்பு என்பதன் மூலம் அரபுச் சொல்லான ஜைப். அரபியில் அது முதலிற் குறித்தது சட்டையின் கழுத்துத் திறப்பையும் மார்புப் பகுதியையும். அதன் பன்மை வடிவம் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில் வருவதை வாசகர்கள் அறிவர். பொத்தானுக்கு யாழ்ப்பாணத்தவர் வழங்கும் தெறி என்ற சொல்லோ நம்முடையது. ஒரு சேட்டைத் தைத்து முடிப்பதற்குள் தையற்காரர் இரண்டு கண்டத்துச் சொற்களை வாயில் எடுத்துவிடுகிறார்.

தையல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதற்கு ஊசிவேலை என்றும் பொருள், பெண் என்றும் பொருள். மொழி இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ஆனால் தையற்காரர் என்றவுடன் நம் மனத்தில் எழுவது கழுத்தில் அளவுநாடாவைப் போட்டுக்கொண்டு கடைவாசலில் நிற்கும் ஓர் ஆணின் உருவம்தான்.

சோனகத்தெருவும் தையற்கடையும்

யாழ்ப்பாணத்தில் தைத்த உடை எல்லாருக்கும் பொதுவாக வந்தது மிகப் பழைய காலத்திலன்று. ஆணுக்கு வேட்டியும் சால்வையும், பெண்ணுக்குச் சேலையும் எனத் தைக்காத துணியே நெடுங்காலம் உடையாக இருந்தது. அதிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை அணிவதற்கு இருபதாம் நூற்றாண்டிலும் எதிர்ப்பு இருந்தது. சட்டை தைத்துப் போடுவதே ஒரு சமூகப் போராட்டமாக இருந்த மண் இது.

அளவெடுத்தல் என்பது உடம்பைத் தொடும் தொழில். தோளையும் மார்பையும் கழுத்தையும் தொட்டு அளக்காமல் சட்டை வெட்ட முடியாது. தீண்டாமை கடுமையாக இருந்த ஊரில், அந்தச் சாதி வரிசைக்கு வெளியே நின்ற ஒரு சமூகத்தவரிடம் தையல் தொழில் பெருமளவு போய்ச் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். மறுகரையில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற துறைகளோடு இருந்த துணி வாணிப உறவும் உதவியிருக்கும். எப்படியாயினும் இருபதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாண நகரத்தில் தையல் என்றால் சோனகத்தெரு நினைவுக்கு வரும் நிலை உண்டானது.

தையல் இயந்திரம் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. ஐசாக் சிங்கர் தம் இயந்திரத்துக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றது 1851இல். சிங்கர் நிறுவனம் கொழும்பு புறக்கோட்டையிற் கடை திறந்தது 1877இல். காலால் மிதிக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஒருவர் கடனுக்கு ஓர் இயந்திரம் வாங்கினால், புடைவைக் கடையின் வாசலில் நான்கடி இடம் பிடித்துத் தொழில் தொடங்கிவிடலாம். பெரிய முதலில்லாத குடும்பங்களுக்கு இது வசதியாயிற்று.

தையற்காரரின் ஆண்டுக்கணக்கு எல்லாச் சமயத்தவருடைய நாட்களையும் ஒன்றாகக் கோத்த கணக்கு. தைப்பொங்கலுக்கு முன்னர் நெருக்கடி. ஜனவரியிற் பாடசாலைச் சீருடை. சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, நத்தார் என்று அது தொடரும். பிறை பார்த்து நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் வரும்; அப்போது சொந்தச் சனங்களின் உடுப்பைத் தைக்க நேரம் போதாது. ஊரார் எல்லாருக்கும் தைத்துக் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளையின் சட்டையைப் பெருநாளிரவு தைப்பவன் தையற்காரன் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு.

கடையிலிருந்து வீட்டுக்கு

ஒரு சேட்டு எத்தனை கைகள் மாறித் தயாராகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அளவெடுத்து, சோக்கால் துணியிற் கோடு வரைந்து, வெட்டுபவர் ஒருவர். இயந்திரத்தில் உடல், கை, கொலர் ஆகியவற்றைப் பொருத்துபவர் இன்னொருவர். இயந்திரம் செய்யாத வேலைகள் இவற்றின் பின்னும் எஞ்சியிருக்கும். விளிம்பை மடித்து வெளியே தெரியாமல் தைக்க வேண்டும். தெறி மாட்டும் துளையை வெட்டி, அதன் ஓரம் பிரியாதபடி நெருக்கமாக நூல் சுற்ற வேண்டும். தெறி தைக்க வேண்டும். பெண்பிள்ளைகளின் சட்டையானால் கழுத்துக்கு றேந்தை வைக்க வேண்டும், பூ வரைந்து நூல்வேலை செய்ய வேண்டும். தையற்கடைத் தொழில் நடக்கும் எந்த ஊரிலும் இவ்வகைக் கைவேலை ஒரு பையிற் கட்டப்பட்டு வீட்டுக்குப் போவது வழக்கம். அங்கே மனைவியும் உம்மாவும் மூத்த மகளும் அடுப்படி வேலை முடிந்தபின் அதைத் தைத்துமுடிப்பர். காலையிற் பை கடைக்குத் திரும்பும்.

இந்த வேலைக்குப் பற்றுச்சீட்டு இல்லை. குடிசன மதிப்பீட்டில் இப்பெண்கள் 'வீட்டுவேலை' என்ற கட்டத்துக்குள் அடங்கிவிடுவர். தொழில் செய்தவர் எத்தனை பேர் என்று எண்ணும்போது கடையிலிருந்த ஆண் மட்டுமே எண்ணப்படுவார்.

அந்தப் பையில் இன்னொன்றும் வரும்: வெட்டி எஞ்சிய துண்டுகள். வெட்டும் மேசையிலிருந்து விழும் துண்டுகளுக்கு ஒழுங்கான வடிவங்கள் உண்டு. கழுத்து வெட்டில் வட்டத்துண்டு விழும். கைக்குழியைச் சுற்றி வெட்டும்போது பிறை வடிவத்துண்டு விழும். கொலர் மூலையில் முக்கோணம். துணியின் ஓரத்தில் நீளமான நாடா. தைக்கத் தெரிந்த கைக்கு இவ்வடிவங்களே என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுக்கும். வட்டத்தின் விளிம்பில் ஓட்டுத்தையல் போட்டு நூலை இழுத்தால் அது சுருங்கிப் பூவாகும். அடியில் இன்னொரு வட்டம் வைத்தால் சுருக்குப்பை. முக்கோணங்களை மாறிமாறி இணைத்தால் தலையணை உறைக்கு ஓரம். நாடாவைச் சாய்வாக வெட்டிச் சுற்றினால் குர்ஆன் உறைக்குக் கரை. தடித்த துணியை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து நெருக்கமாகத் தைத்தால் தொப்பி. அதையே சதுரமாகத் தைத்தால் சட்டி பிடிக்கும் துணி. ஒன்றுக்கும் உதவாதவை தலையணைக்குள் பஞ்சாகப் போகும்.

வரைதலும் இதனுள் அடங்கும். கடதாசியிற் பூவையோ கொடியையோ வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, துணியின்மேல் அதை வைத்து நிறப்பொடியைத் தட்டினால் கோலம் துணியில் இறங்கிவிடும். அதன்மேல் காம்புத்தையல், சங்கிலித்தையல், பின்தையல். உருவங்களைத் தவிர்த்துக் கொடி, இலை, நட்சத்திரம், கணித வடிவங்கள் ஆகியவற்றை விரும்பிய இஸ்லாமியக் கலைமரபும் இந்த ஊசிவேலையும் இயல்பாகவே ஒன்றோடொன்று பொருந்திப்போயின. துணியில் வரைதல் இப்பகுதிக்கு முன்பின் தெரியாததன்று. சாயவேரைத் தோண்டி எடுத்துத் துணிக்குச் செந்நிறம் ஏற்றும் தொழில் ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அரசுக்கு வருமானம் தரும் அளவுக்கு நடந்தது.

ஒட்டுப்போட்ட ஆடையின் மதிப்பு

கந்தல் என்றாலே வறுமை என்று நினைப்பது இன்றைய வழக்கம். முஸ்லிம்களின் மரபில் ஒட்டுத் தையலுக்குத் தனி மதிப்பு இருந்தது. முதன்முதலில் ஊசிகொண்டு ஆடை தைத்தவர் இத்ரீஸ் நபி என்பது நெடுநாளாக வழங்கிவரும் மரபுரை. பல நாடுகளில் தையற்காரர் அவரைத் தம் தொழிலின் முன்னோராகக் கொள்வர். நபிகள் நாயகம் (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. உமர் (ரலி) அவர்களின் ஆடையில் இருந்த ஒட்டுகள் பற்றிய செய்திகளும் பெயர்பெற்றவை. சூபிகள் துண்டுகளை இணைத்துத் தைத்த அங்கியையே தம் வழியின் அடையாளமாகக் கொண்டனர். எனவே ஒட்டுத்துணியில் வேலை செய்த பெண் இழிந்த தொழில் ஒன்றைச் செய்யவில்லை. மதிக்கப்பட்ட ஒரு பழக்கத்தையே வீட்டில் நடத்தி வந்தாள்.

யாழ்ப்பாணத்தில் இதே காலத்தில் இன்னொரு வழியாலும் ஊசிவேலை பரவியது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தனர். 1834இல் வெஸ்லியன் மிஷனின் வேம்படிப் பாடசாலை தோன்றிற்று. அங்கெல்லாம் வாசிப்போடு தையலும் பாடமாக இருந்தது. படித்த பெண்ணின் தகுதிகளில் ஊசிவேலையும் ஒன்றாயிற்று. முஸ்லிம் பெண்பிள்ளைகள் அக்காலத்தில் பெரும்பாலும் இப்பாடசாலைகளுக்குச் செல்லவில்லை. அவர்கள் கற்றது வீட்டுக்குள்ளேயே. மிஷன் பாடசாலைகளின் தையலுக்கு அறிக்கைகள் உண்டு, கடிதங்கள் உண்டு, புகைப்படங்கள் உண்டு. சோனகத்தெருத் திண்ணையிலும் அறையிலும் நடந்த தையலுக்கு அவை இல்லை. ஒரே நகரம், ஒரே ஊசி; ஒன்று கல்வி வரலாறாயிற்று, மற்றது எங்கும் பதியப்படவில்லை.

துணித் தட்டுப்பாடும் ஆயத்த ஆடையும்

1970 முதல் 1977 வரை இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது துணிக்கும் தட்டுப்பாடு இருந்தது. சலுசல நிலையங்களிலும் கூட்டுறவுக் கடைகளிலும் வரிசையில் நின்று வாங்கிய துணியில் ஒரு சாண் வீணாவதையும் எவரும் விரும்பவில்லை. அளவு குறைந்த துணியில் ஒட்டுத் தெரியாமல் சட்டை வெட்டுபவரே கெட்டிக்காரர் எனப்பட்டார். 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தது. உள்ளூர்த் தொழிலை வகுப்பறையிற் படிக்கலாம் என்ற அந்த எண்ணம் நல்லதாக இருந்தும், 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு திறந்த பொருளாதாரமும் வந்தது. ஆயத்த ஆடைகள் கடைகளில் தொங்கத் தொடங்கின. தையற்காரரின் தொழில் போருக்கு முன்னரே ஆட்டங்காணத் தொடங்கிவிட்டது என்பதையும் நாம் மறைக்கக்கூடாது.

ஒக்டோபர் 1990

அந்த மாதத்தின் நடுப்பகுதியிற் சாவகச்சேரி முஸ்லிம்களிலிருந்து வெளியேற்றம் தொடங்கியது. ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். வழியிலேயே பணமும் நகையும் பறிக்கப்பட்டன. பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இம்மக்களைப் பற்றிய ஆய்வுக்கே செலவிட்டார். 2011இல் வெளிவந்த பிரசைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் பல சாட்சியங்களைப் பதிவு செய்தது.

தொழிலின் கண்கொண்டு இந்நிகழ்வை நோக்கினால் வேறொன்றும் தெரியும். இரும்புக்கடைக்காரர் சரக்கை விட்டுப் போனார். தையற்காரர் இயந்திரத்தை விட்டுப் போனார். முடிக்கப்படாத உடுப்புகளையும் விட்டுப் போனார். அவற்றிற் பெரும்பாலானவை அயலவரான தமிழருடையவை. அளவு குறித்த கொப்பிகளும் அங்கேயே கிடந்தன. ஒரு நகரத்துச் சனங்களின் தோளும் இடுப்பும் கையும் எழுதப்பட்ட அக்கொப்பிகள் ஒரு வகையில் அந்நகரத்தின் ஆவணம். அவை இன்று எங்கும் இல்லை.

கையில் இருந்த வேலை மட்டும் கூடவே போயிற்று. புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளின் கிடுகுக் கொட்டில்களில் பல குடும்பங்கள் மீண்டும் தொழிலைத் தொடங்கியது தையலைக் கொண்டே. நிவாரண நிறுவனங்களும் பெண்களுக்குத் தையல் இயந்திரங்களையே கொடுத்தன. அகதிப் பெண் என்றவுடன் தையல் இயந்திரம் என்பது நிறுவனங்களின் பழக்கமாகிவிட்டது. ஆயத்த ஆடை மலிந்த சந்தையில் அவள் தைத்ததை யார் வாங்குவார் என்ற கேள்வியை அதே அக்கறையோடு எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முஸ்லிம்களை அனுப்பிவிட்ட யாழ்ப்பாணமும் சுகமாக இருக்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திற் பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார் ஆயிரக்கணக்கினர். 2009இல் வன்னியில் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பிப் பதுங்குகுழிகளைச் சுற்றி அடுக்கினார்கள். ஊசியின் வரலாற்றில் அதைவிடத் துயரமான அத்தியாயம் எமக்குத் தெரியாது. ஒருவரது துயரைச் சொல்ல மற்றவரது துயரை மறைக்கத் தேவையில்லை.

இன்று செய்யக்கூடியது

2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றம் தவறு என்று ஒப்புக்கொண்டார். அவ்வாண்டிலும் 2009க்குப் பின்னரும் சில குடும்பங்கள் திரும்பி வந்தன. காணி, வீடு, வாக்காளர் பதிவு எனப் பல சிக்கல்களோடு சோனகத்தெருவில் மீண்டும் வாழ்க்கை நடக்கிறது. கிளிநொச்சியில் இப்போது ஆடைத் தொழிற்சாலைகள் உள்ளன. அங்கே ஒரு பெண் நாள் முழுவதும் ஒரே ஒரு பாகத்தைத் தைக்கிறாள். முழுச் சட்டையையும் அறிந்த கை அருகி வருகிறது.

1990இல் இருபத்தைந்து வயதிலிருந்த பெண்ணுக்கு இன்று அறுபது வயதாகிறது. அன்று நாற்பது வயதிலிருந்தோரிற் பலர் இல்லை. ஆகவே இப்பதிவுக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சக் காலமே. இதைச் செய்யப் பெரிய ஆய்வு நிறுவனம் வேண்டியதில்லை. எம்முடைய பாடசாலைகளில் சித்திரம், மனைப்பொருளியல், செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் ஆகிய பாடங்களில் துண்டுத்துணி கொண்டு ஒட்டுச்சித்திரம் செய்வதும் கைத்தையல் பழகுவதும் நடக்கின்றன. பிள்ளைகள் கடதாசியில் வரைந்து, துணியை வெட்டி, ஒட்டி அல்லது தைத்துக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். புள்ளி போட்டவுடன் அது மறக்கப்படுகிறது. அந்த ஒப்படையோடு ஒரு பக்க எழுத்தையும் சேர்த்துக் கேட்கலாம். யாழ்ப்பாணம் ஒஸ்மானியா, கதீஜா பாடசாலைகளிலும், புத்தளத்தில் இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளிலும், வலிகாமத்துத் தமிழ்ப் பாடசாலைகளிலும் ஒரே வினாக்களைக் கொடுக்கலாம். அளவுக் கொப்பிகள் அழிந்துபோனாலும், அவற்றில் எழுதப்பட்டிருந்த இரு தரப்பினரும் இன்னும் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் கையால் தைக்கத் தெரிந்த மூத்தவர் யார்? யாரிடம் கற்றார்? கடையின் எந்த வேலை வீட்டுக்கு வந்தது, அதற்குக் காசு யார் கையிற் போயிற்று? எந்தத் தையலுக்கு அவர் என்ன பெயர் சொல்கிறார்? 1990க்கு முன் உங்கள் உடுப்பை யாழ்ப்பாணத்தில் யார் தைத்தார்? அப்போது தைத்த துணியில் ஒரு துண்டாவது வீட்டில் மிஞ்சியிருக்கிறதா?

கடைசி வினாவுக்கு ஆம் என்று பதில் வருமிடத்தில் அந்தத் துண்டைப் படம் எடுத்து, தைத்தவரின் பெயரை அவர் சம்மதத்தோடு அருகில் எழுதி வைக்க வேண்டும். வீட்டிலிருந்து தைத்த பெண்ணின் பெயர் ஓர் ஆவணத்தில் ஏறுவது பல வீடுகளில் அதுவே முதன்முறையாக இருக்கும்.